தரை வழுக்கும் என்று சொன்னேன்

அன்று காலை அறுவை அறையில் இருந்தவர்கள் பெரிய டாக்டரும் நானும். மேசை மேல் நாய். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பண்ணாடி. அப்பா இல்லை. மருத்துவமனை கேட்டுக்கு வெளியே நின்ற பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில், காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆனைமலைப் பக்கத்திலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் அந்த நாயை மடியில் கிடத்திக்கொண்டு வந்தவர் அவர்தான். நாய் உள்ளே வந்தது. அவர் வரவில்லை.

பண்ணாடி என்றால் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். அங்கே வேலை செய்பவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாத்தா காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் அந்தத் தென்னந்தோப்பில்தான் வேலை செய்தார்கள். பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தது எங்கள் வீட்டில் நான்தான் முதல். கால்நடை மருத்துவத்துக்கு இடம் கிடைத்துக் கவுன்சிலிங்குக்குப் புறப்பட்ட அன்று பண்ணாடி தன் காரில் என்னைப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார். முன் சீட்டில் உட்காரச் சொன்னார். நல்ல மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். டாக்டரான பிறகு அவரை எப்படிக் கூப்பிடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. பண்ணாடி என்று சொல்ல வாய் வரவில்லை, வேறு எதுவும் சொல்லத் துணியவில்லை. 'வாங்க', 'சொல்லுங்க' என்று மொட்டையாகவே பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

நாய் லாப்ரடார், ஆண், நல்ல கனம். தோப்பில் மயிலைத் துரத்தி ஓடிச் சட்டென்று திரும்பியதில் பின்னங்கால் முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது. மூட்டுக்கு வெளியே தடித்த நைலான் இழையைப் போட்டு இறுக்கிக் கட்டுவது என்று பெரிய டாக்டர் முடிவு செய்திருந்தார். அவர் சென்னைக்காரர். எங்கள் மருத்துவமனையில் எலும்பு, மூட்டு எல்லாம் அவர் கைதான். மயக்கம் கொடுப்பது என் வேலை.

காலை மரக்க வைப்பதில் எனக்கு அப்போதே கொஞ்சம் பெயர் இருந்தது. நெர்வ் பிளாக் என்போம். நாய் எப்படியும் லேசான மயக்கத்தில் இருக்கும். அது போக, அறுக்கப்போகும் காலிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்பைத் தேடிப் பிடித்து, அதன் ஓரத்தில் மருந்தை விட்டால் அந்தக் கால் மட்டும் மணிக்கணக்கில் மரத்துக் கிடக்கும். முழங்காலுக்கு இரண்டு நரம்பு. ஒன்று தொடையிடுக்கில், இன்னொன்று பின்னால் இடுப்பெலும்புக்குக் கீழே. ஊசி நுனியில் துளி மின்சாரம் ஓடும். நரம்பின் பக்கம் போனதும் தொடைத் தசை தானாகத் துடிக்கும். மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, மிகக் குறைவிலும் துடிப்பு நிற்காமல் இருந்தால் சரியான இடம். உள்ளே குத்திவிடாமல் ஓரத்தில் நிற்க வேண்டும். ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக மருந்து. இதைச் சரியாகச் செய்தால் மயக்க வாயு பாதி போதும். எழும்போது நாய் ஊளையிடாது.

அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பண்ணாடி நிற்பது எனக்குத் தெரியும். நாயின் தொடை என் ஊசிக்குத் தகுந்தபடி துடித்ததை அவர் பார்க்கும்படி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். அப்படி நிற்கத் தேவையே இல்லை.

பெரிய டாக்டர் கையுறை மாட்டும்போது கேட்டார்: "வெளியே வண்டியில ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவர்தானே நாயைத் தூக்கிட்டு வந்தது? வெயில்ல இருக்காரு. உள்ள வரச் சொல்லுங்க."

"பரவாயில்ல மேடம், அவங்க அங்கயே இருப்பாங்க" என்றேன்.

அவர் என் அப்பா என்று சொல்லவில்லை. இரண்டு வருடமாக அந்த மருத்துவமனையில் வேலை. அப்பா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் "விவசாயம்" என்று சொல்லியிருந்தேன். அது பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் வைத்திருந்தேன்.

அறுவை நன்றாக முடிந்தது. நாய் கண் விழித்துத் தலையைத் தூக்கி என் கையை நக்கியது. பண்ணாடி உள்ளே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நாயின் காலைத் தொட்டுத் தூக்கிப் பார்த்தார். அது துணி மாதிரி தொங்கியது.

"ஏப்பா டாக்டரு, கால் விளங்காமப் போச்சா? தொட்டாக்கூட அசைய மாட்டேங்கறானே!"

"மரத்திருக்குதுங்க. ராத்திரிக்குள்ள உணர்ச்சி வந்துரும். அது வரைக்கும் பாதம் மடிஞ்சு தரையில தேயாமப் பாத்துக்கணுமுங்க. சூடா எதுவும் காலு மேல படக்கூடாது, சுட்டாலும் அவனுக்குத் தெரியாது."

அவர் உடனே பெங்களூரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டார். நாய் அந்த மகள் வாங்கிக் கொடுத்தது. "ஒண்ணும் பயமில்ல அம்மணி. ஊசியப் போட்டு நரம்பவே தேடிப் புடிச்சுட்டான். ஆரு தெரியுமா? நம்ம தோட்டத்துப் பையன். ஆமா ஆமா, அவந்தான். நம்ம பையன்தான்." சந்தோஷமாகத்தான் சொன்னார். பெரிய டாக்டர் காதில் விழுந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பாத்திரத்தில் கருவிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். தையல் அல்ல, அடுத்த ஆறு வாரம்தான் அறுவையே என்றார். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. ஒண்ணுக்குப் போக எழுந்தால்கூட வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் கூடவே நடக்க வேண்டும். ஒரு தடவை சறுக்கினால் போதும், இழை அறுந்து எல்லாம் வீண்.

"இவன் வீட்ல எங்க படுப்பான்?"

"ஹால்லதானுங்க. சோபா பக்கத்துல ஃபேனுக்குக் கீழ படுத்துக்குவான்."

"நல்லது. பழகின இடம். அங்கேயே ஒரு ஓரமா கனமான பாய் விரிச்சிருங்க. ஒரு ஆள் ராத்திரி பகலா அவன் பக்கத்துலயே இருக்கணும். இருக்காங்களா?"

"ஆளுக்கென்னங்க, ஆள் இருக்கறான்" என்று ஜன்னல் வழியாக வண்டியைக் காட்டினார் பண்ணாடி. காட்டிய கை அப்படியே நின்றது. "ஹால்லன்னா... அதெப்புடிங்க... மோட்டார் ஷெட்டு காலியாத்தான் கெடக்குது. அங்க போட்டுக்கலாமுங்களா?"

"ஷெட்டா? ஏன்?" பெரிய டாக்டர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பண்ணாடி என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். அந்த வீட்டின் பின்வாசல் படி வரைக்கும்தான் அப்பா. அறுபது தேங்காயைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாலும் படியில் இறக்கி வைப்பார், மற்றதை உள்ளே இருந்து யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள். வராதே என்று யாரும் சொன்னதை நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. அப்பா ஹாலுக்குள் போக முடியாது. அதனால் நாய் ஹாலைவிட்டு வெளியே வர வேண்டும். கணக்கு அவ்வளவுதான். டாக்டர் என்கிற முறையில், 'ஹாலில்தான் இருக்க வேண்டும், பார்த்துக்கொள்கிறவரும் ஹாலில்தான் படுக்க வேண்டும்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாய்க்காக அவர் கேட்டிருக்கவும் கூடும்.

நான் சொன்னது: "ஹால்ல டைல்ஸ் மேடம். தரை வழுக்கும். ஷெட்ல சொரசொரப்பான சிமெண்ட்டு. காலுக்கு அதுதான் நல்லது."

"அதுவும் சரிதான்" என்றார் பெரிய டாக்டர்.

டைல்ஸ் வழுக்கும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிற உண்மை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது. பண்ணாடி வெளியே போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலுக்கு அர்த்தம் எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தத் தோளை என்ன செய்வதென்றுதான் எனக்கு அன்று முழுதும் தெரியவில்லை.

நாயை வண்டியில் ஏற்ற நான் போனேன். அப்பா இறங்கி நின்றார். பண்ணாடி வந்ததும் தோளில் கிடந்த துண்டு தானாக இறங்கிக் கைக்கு வந்தது. தூக்கிப் பிடிக்க எங்களிடம் கைப்பிடி வைத்த பட்டை ஒன்று விற்பனைக்கு இருந்தது. அதை எடுத்துக் காட்டினேன்.

"அதெதுக்கு தெண்டத்துக்கு? அவன்கிட்டத்தான் துண்டு இருக்குதல்லோ. ஏண்டா, அதக் கொண்டா" என்றார் பண்ணாடி.

அப்பா கொடுத்தார். நான் அந்தத் துண்டை நாயின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்து, பாரம் முன்னங்காலுக்குப் போகிற மாதிரி எப்படித் தூக்குவது என்று காட்டினேன். கண்ணாடிக்கு உள்ளே இருந்து பெரிய டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படிப் பிடிங்க. இழுக்காதீங்க. அவன் நடக்கிற வேகத்துக்கு நீங்க நடங்க" என்றேன். வீட்டில் அவரை நான் வா போ என்றுதான் பேசுவேன். இத்தனை மரியாதையை அவருக்கு நான் அதுவரை கொடுத்ததே இல்லை. அப்பா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க டாக்டர்" என்றார். கேலியாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா, இன்றுவரை கேட்கவில்லை.

தையல் பிரிக்க நானே தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ஷெட்டில் அப்பா ஒரு உலகமே அமைத்து வைத்திருந்தார். கீழே தென்னை நார், அதன் மேல் கோணிச்சாக்கு, அதற்கு மேல் அம்மாவின் பழைய சேலை. நாய் நடுவில் படுத்திருக்க, இவர் ஓரத்தில் வெறும் சிமெண்டில் படுத்திருந்தார். பண்ணாடியின் மகள் வைத்த இங்கிலீஷ் பெயர் அப்பா வாயில் நுழையாது. கண்ணு என்றுதான் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான் என்பதால் இரண்டு மூன்று தடவை நானும் நாயும் சேர்ந்தே திரும்பிப் பார்த்தோம்.

"மொத நாளு பயந்தே போயிட்டேன் போ. காலு செத்த காலாட்டம் கெடக்குது. நீ மரத்துருக்கும்ன்னுதான் சொன்னே. இருந்தாலும் மனசு கேக்கல. ஒரு கிள்ளு கிள்ளிப் பாத்தேன்."

"கிள்ளினியா?"

"சும்மா மெதுவா. இவன் திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் விடியறப்ப அதே எடத்துல கையி வெச்சேன், வள்ளுன்னான் பாரு! அப்பத்தான் நிம்மதி." சிரித்தார். "அந்த ஊசி நல்ல ஊசி. எனக்கொண்ணு இடுப்புல போட்டுவுடு. மரம் ஏறி எறங்கற வரைக்கும் தாங்குனாப் போதும்."

"மனுசனுக்கு நான் போடக்கூடாதுப்பா."

"ஆமா, நாயாப் பொறந்திருக்கோணும்."

அதை அவர் குத்திச் சொல்லவில்லை. வாய்க்கு வந்த வேடிக்கை, சொன்னார், மறந்தார். துண்டைக் கொடுத்து நாயை எழுப்பி ஷெட்டுக்கு வெளியே நடத்திக் காட்டினார். "பாரு, பாரு, விரல ஊணறான் பாரு. முந்தாநாளு வரைக்கும் தூக்கீட்டுத்தான் நடந்தான்." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கால் நன்றாகத்தான் தேறிக்கொண்டிருந்தது. அவர் ஒரு எட்டுகூட அதைத் தனியாக விடவில்லை. இத்தனைக்கும் அவருக்குத் தினக்கூலி வழக்கமான கூலிதான். ராத்திரிக்குத் தனியாகக் கிடையாது.

ஆறு வாரத்தில் பாதி தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது பெங்களூர் மகள் குழந்தைகளோடு வந்தார். நாய் ஷெட்டில் கிடப்பதைப் பார்த்து அழுதிருக்கிறார். "இவன எதுக்குப்பா இங்க கொண்டாந்து போட்டீங்க? என்ன பாவம் பண்ணுனான்?" என்று அப்பனிடம் சண்டை போட்டு, அன்றைக்கே இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் சோபா பக்கத்தில் படுக்க வைத்துவிட்டார்கள். அப்பா துண்டோடு பின்னாலேயே போய்ப் பின்வாசலில் நின்றார். கூப்பிட்டால் கொடுக்கலாம் என்று அங்கேயே நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் எனக்கு போனில் சொன்னார்.

"அம்மணி சமையக்கட்டுக்குள்ள போச்சு. பண்ணாடி போன்ல பேசீட்டு இருந்தாரு. இவன் தலையத் தூக்கி என்னையப் பாத்துட்டான். வாலு ஆடுது. 'வராத கண்ணு, படுத்துக்கோ'ங்கறேன். கேட்டாத்தானே! எந்திரிச்சு ஓடியாந்துட்டான். நடு ஹால்ல பின்னங்காலு ரெண்டும் இப்புடிப் பொளந்துக்கிச்சு. ஒரே கத்து."

அவரே தொடர்ந்தார்.

"ஓடிப் போயிப் புடிச்சிருக்கலாம். நாலு எட்டுதான். காலு வல்ல கண்ணு. எனக்குக் காலு வல்ல."

இழை அறுந்திருந்தது. இந்த முறை நைலான் போதாது, எலும்பை வெட்டித் திருப்பித் தகடு வைத்துத்தான் கட்ட வேண்டும். அதே பிக்கப்பில் வந்தார்கள். அப்பா பக்கத்தில் இல்லாவிட்டால் நாய் மேசையில் நிற்க மறுத்தது. பெரிய டாக்டர் யாரையும் கேட்காமல் தானே கதவைத் திறந்து, "நீங்க உள்ள வாங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா செருப்பைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். நாய் அவர் முழங்கையில் மூக்கை நுழைத்துக்கொண்டு அமைதியானது. பண்ணாடி சுவரோரம் நின்றார்.

"நீங்கதானே கூடவே இருந்தீங்க? அவன் எழுந்து ஓடுறதைப் பாத்துக்கிட்டா நின்னீங்க? ஏன் பிடிக்கல?"

கோபமாகத்தான் கேட்டார். தன் வேலை வீணாய்ப் போன கோபம்.

அப்பா பண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நா உள்ற போறதில்லீங்களே."

"ஏன் போறதில்ல?"

பண்ணாடி போனை எடுத்துத் திரையைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். டாக்டர் நானும்தானே, டாக்டருக்கு டாக்டர் பதில் சொல்லட்டும் என்கிற மாதிரி.

"டைல்ஸ் தரை மேடம்..." என்று ஆரம்பித்தேன்.

"டைல்ஸ் கதையைப் போன தடவையே சொல்லிட்டீங்க" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. பண்ணாடியிடம் கேட்டார்: "இவரை வீட்டுக்குள்ள விடுவீங்களா, மாட்டீங்களா?"

"அய்யோ, நா வேண்டாம்ன்னு ஒரு நாளும் சொன்னதே இல்லீங்க. அவனா வாரதில்ல. ஏண்டா, நா சொல்லியிருக்கறனா?"

"இல்லீங்க, இல்லீங்க. நானாத்தானுங்க" என்றார் அப்பா அவசரமாக.

அந்த அவசரம்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்கு மேல் அந்தப் பேச்சு போகக் கூடாது என்றுதான் நான் வாயைத் திறந்தேன். துணிச்சல் எதுவும் வந்துவிடவில்லை. "நாயை என் ரூமுக்கே கொண்டு போறேன் மேடம். சரியாகிற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும். இவங்களும் என்கூட இருப்பாங்க." அப்பாவைக் காட்டினேன். "எங்கப்பா."

பெரிய டாக்டர் இப்போது திரும்பினார். என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கப்பாவா? அன்னைக்கு வெயில்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முழுதாகச் சொல்லியிருக்கலாம். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்றும் நான்தான் காலை மரக்க வைத்தேன். யாருக்கும் தெரிய வேண்டும் என்று தள்ளி நிற்கவில்லை. தொடை துடித்தபோது, நாயின் தலைமாட்டில் நின்ற அப்பா "வலிக்குதா அவனுக்கு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் பண்ணாடி என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. "போன தடவ மொத்தமும் நாங் குடுத்தேன். இந்தத் தடவ உங்கப்பன் கைல இருக்கறப்ப ஆனது. நீயும் சம்பாரிக்கற. பாத்துக்கப்பா. நம்ம பையன்கிட்டச் சொல்லாம ஆருகிட்டச் சொல்றது?" ஹாலில் வைத்தது யார் மகள் என்று கேட்க ஒரு வரிதான் தேவை. பணம் கொடுப்பது அந்த வரியைவிடச் சுலபமாக இருந்தது. சரிங்க என்றேன். பெரிய டாக்டர் தன் கட்டணத்தை வேண்டாம் என்றுவிட்டார். தகடு, ஆணி, மருந்துக்கு முப்பத்தோராயிரம் ஆனது. அதை மூன்று மாதத்தில் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

என் ரூம் பெரியநாயக்கன்பாளையத்தில். கீழே வீட்டுக்காரரின் லேத் பட்டறை, அதை ஒட்டி இரண்டு சின்ன ரூம். ஒன்றில் நான். அங்கேயும் டைல்ஸ்தான். சந்தையில் ரப்பர் பாய் வாங்கி சுவருக்குச் சுவர் விரித்தோம். முதல் நாள் அப்பா நாயைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே நடந்து போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கினார். அவர் எங்கும் நிற்காமல் போனதைப் பார்த்துக்கொண்டு நான்தான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

நாய் தங்குவதற்கு வீட்டுக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் அப்பா நாயை நடத்திக்கொண்டிருந்தபோது பேச்சுக் கொடுத்தார். நான் உள்ளே குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, பையன் சொன்னாப்புல, விவசாயம்ன்னு. எந்த ஊருங்க?"

"ஆனைமலப் பக்கமுங்க."

"அட, தண்ணிப் பஞ்சமில்லாத ஊராச்சே! என்ன போட்டிருக்கறீங்க?"

"தென்னைங்க. நடுவுல கொஞ்சம் சாதிக்கா."

"எத்தன ஏக்கராங்க வரும்?"

எனக்குக் கை நின்றுவிட்டது. எத்தனை ஏக்கர் என்று கேட்கிறவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ரூம் தேடி அலைந்த காலத்தில் நான்கு இடத்தில் அந்த அடுத்த கேள்விக்குப் பிறகுதான் ரூம் இல்லை என்று ஆனது.

"இருவத்திரண்டுங்க" என்றார் அப்பா. "கெணறு மூணு. வருசம் பூராத் தண்ணி."

அது பண்ணாடியின் தோப்பு. ஒவ்வொரு மரமும் அவருக்குத் தெரியும். மட்டை வெட்டு எப்போது, போன வருடம் வாடல் நோய் எந்த வரிசையில் வந்தது, தேங்காய் விலை விழுந்தபோது கொப்பரை போட்டது என்று விவரம் விவரமாகப் பேசினார். அத்தனையும் நிஜம். வீட்டுக்காரர் மரியாதையோடு நாற்காலி கொண்டுவந்து போட்டு, காப்பி கொடுத்தார். அப்பா உட்கார்ந்து குடித்தார்.

உள்ளே வந்தவரிடம், "என்னப்பா இப்படிச் சொல்லிட்ட?" என்றேன்.

"என்ன சொன்னேன்? ஆருதுன்னு அவரு கேக்கவே இல்லியே." ரப்பர் பாயில் உட்கார்ந்து நாயின் பாதத்தைத் துடைத்தார். "நீ வெவசாயம்ன்னு சொல்லி வெச்சிருக்கற. அப்புறம் நா என்னத்தச் சொல்லட்டும்?"

குக்கர் சத்தம் போட்டது. நான் போய் அணைத்தேன். என் பொய்க்கு அவர் இத்தனை வயதில் மரம் மரமாக உருவம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதுவும் நன்றாகக் கொடுத்திருந்தார்.

நாய் தேறியது. நான்காவது வாரம் காலை ஊன்றி நின்றது. ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. பெரிய டாக்டர் அப்பாவிடம், "நீங்க இல்லைனா இது இல்லைங்க" என்றார். அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நாயின் காதை நிமிண்டினார். பண்ணாடி காரிலேயே வந்து கூட்டிக்கொண்டு போனார். பின்சீட்டில் நாய், அதன் பக்கத்தில் அப்பா. ஹாலில்தான் படுக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்பா பின்வாசல் வரைக்கும்தான்.

அந்த ஆறு வாரத்துக்குக் கூலி கிடையாது. தோட்டத்தில் வேலை செய்யவில்லை அல்லவா என்றார் பண்ணாடி. அப்பாவும் அது நியாயம்தானே என்றார். பதினெட்டாயிரம்.

அப்பா போன பிறகு வீட்டுக்காரர் ரூமுக்கு வந்தார். நாய் நகம் பட்டுக் கதவு கீறியிருக்கிறது, அட்வான்ஸில் இன்னும் பத்தாயிரம் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். அது கதவைச் சரிசெய்யக் கழிந்துவிடும், திரும்பி வராது என்றும் சொன்னார். கீறல் எனக்குக் கண்ணில் படவில்லை. அதிகமாகத் தெரிகிறதே என்றேன்.

"இருவத்திரண்டு ஏக்கராக் காரங்களுக்கு இதெல்லாம் ஒரு காசுங்களா?" என்று சிரித்தார்.

அதற்கு மறுப்புச் சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை, சொல்லியிருக்கலாம். அலமாரியைத் திறந்து பணத்தை எடுத்தேன்.

தகட்டுக்கு ஆனது, அப்பாவின் கூலி, இந்தப் பத்தாயிரம், பாய், வண்டி வாடகை எல்லாமாகச் சேர்த்து எங்களுக்கு ஆனது அறுபத்தோராயிரத்து நானூறு ரூபாய்.